பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே பராமரிப்பது எப்படி? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

"ஃபுல்லி மாடிஃபைடு, அலாய் வீல், மியூசிக் சிஸ்டம். ஒரு ரூபா செலவு இல்ல, எடுத்தா ஓட்டிட்டே இருக்கலாம்." பழைய மாருதி 800 விற்பனைக்கு வரும்போது விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு புது பைக் விலைக்கே கார் கிடைக்கிறது. சனி, ஞாயிறுகளில் நாமே கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் பலரும் இந்தச் சின்னக் காரைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால், அந்த விளம்பரத்தில் பிரேக் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பெட்ரோல் ஹோஸ், ஒயரிங், தரைத் தகட்டின் துரு பற்றியும் இருக்காது. வண்டியை நிறுத்துவதும் தீப்பிடிக்காமல் காப்பதும் இவைதான். ஏற்கெனவே நாலு கை மாறிய, மாடிஃபை செய்யப்பட்ட பழைய காரில் முதல் அப்கிரேடு என்பது புதிதாக எதையும் மாட்டுவதல்ல. முந்தைய ஓனர்கள் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று கண்டுபிடித்து, வண்டியை ஒழுங்கான நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

அதை வீட்டில் எந்த வரிசையில் செய்வது? எங்கே மெக்கானிக் வேண்டும்? சட்டம் எங்கே குறுக்கே வரும்?

ஏன் மாருதி 800?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி முடிந்தது. சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்4 விதி காரணமாக 2010 ஏப்ரலிலேயே விற்பனை நின்றுவிட்டது. ஆகவே, இன்று கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை 15 வயதைத் தாண்டியவை.

வீட்டில் வேலை பழக இது நல்ல வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். பழைய மாடல்களில் கார்புரேட்டர்தான், கம்ப்யூட்டர் கிடையாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின் 2019 வரை விற்பனையான ஆம்னியிலும் இருந்ததால், இன்ஜின் உதிரி பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை.

முதல் வேலை: துப்பறிதல்

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். ஒரு பக்கம் ஆர்சியில் உள்ளது. மறுபக்கம் வண்டியில் உள்ளது. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், எரிபொருள், நிறம் ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா? பொருந்தவில்லை என்றால் அது மெக்கானிக்கல் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினை.

அடுத்து, கால் மேட்டுகளையும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஷீட்டையும் தூக்கிப் பாருங்கள். சத்தத்தைக் குறைக்க ஒட்டும் ஷீட், அழகுக்குப் போடும் ஃப்ளோர் மேட் இரண்டுமே மழைத் தண்ணீரை அடியில் தேக்கி வைக்கும். மேலே பார்க்கப் பளபளப்பு, கீழே துரு. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டண்' என்று கேட்கும். 'பொத்' என்று கேட்டால் துருவோ, பட்டியோ இருக்கிறது என்று அர்த்தம். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். செலவே இல்லாத துருத் தடுப்பு இது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போய், மழையில் பிடி கொடுக்காது.

பெட்ரோல் ஹோஸ்: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய மாருதி 800 இதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டி அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கின் உள்ளே துருவை வளர்க்கும். பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், கார்புரேட்டரில் உள்ள சின்ன ரப்பர் பாகங்கள் ஆகியவற்றை உப்பவோ வெடிக்கவோ வைக்கும். டேங்கில் பல வருடம் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கவும் செய்யும்.

மைலேஜிலும் அடி உண்டு. இ0-வுக்கு வடிவமைத்து, இ10-க்கு டியூன் செய்யப்பட்ட கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்திருந்தது. கார்புரேட்டர் வண்டிகளில் எரிபொருள் கலவையைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லை என்பதால், ஐடிலிங்கில் துடிப்பதும் இன்ஜின் சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் கூடுதலாகத் தெரியும்.

மைலேஜைவிடக் கசிவுதான் பெரிய ஆபத்து. சூடான இன்ஜின் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் போதும். டேங்கில் இருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் ஹோஸ் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரக ஹோஸாக மாற்றுங்கள். கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள். இந்த வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். எம்பிஎஃப்ஐ மாடல்களில் பெட்ரோல் லைன் அழுத்தத்தில் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பிரேக்: செலவை இங்கே ஆரம்பியுங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை: வண்டி நின்ற நிலையில், இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள். பிறகு ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது அல்லது எங்கோ கசிகிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

பிரேக் ஆயிலும் எத்தனால் போலவே ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. ஏற்காடு, ஊட்டி மாதிரி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடாகி, ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அப்படியே தரை வரை போகும். ஆகவே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி என்றால், வாங்கிய முதல் வாரத்திலேயே மாற்றுங்கள்.

பழைய உதிரி பாகங்களுக்கு சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று சந்தைகள் உண்டு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டேஷ்போர்டு துண்டு என்று அங்கே தேடலாம். பிரேக் பாகங்கள், டயர், ஸ்டியரிங் பாகங்கள் ஆகியவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதாக வாங்கக்கூடாது.

அலாய் வீல்: ஒரு சின்னக் கணக்கு

எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"அண்ணே, அலாய் போட்டதுல இருந்து மைலேஜ் இறங்கிடுச்சு. ஸ்டியரிங்கும் கனமா இருக்கு."

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல தம்பி. கம்பெனி குடுத்த டயர் என்ன சைஸு, நீ போட்டிருக்கிறது என்ன சைஸு?"

மாருதி 800-இல் பரவலாக உள்ள டயர் அளவு 145/70 ஆர்12. அகலம் 145 மி.மீ.; பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 101.5 மி.மீ.; ரிம் 12 இன்ச், அதாவது சுமார் 305 மி.மீ. மேலும் கீழும் பக்கவாட்டு உயரத்தைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 508 மி.மீ.

அந்த இடத்தில் 175/60 ஆர்13 போட்டால் விட்டம் 540 மி.மீ. ஆகிறது. 6 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85 வேகத்தில் போகும். நீங்கள் 100 கி.மீ. ஓட்டினால் ஓடோமீட்டர் 94 என்றுதான் எண்ணும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். மீதிக்கு டயரின் எடையும் அகலமும் காரணம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதால் கையும் வலிக்கும். முழுதாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசினால், அது ஒருநாள் வெடிக்கும்.

மொத்த விட்டம் கம்பெனி அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அகலத்தை வெளியே தள்ளிக் காட்டப் போடும் ஸ்பேசர், உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டுவது ஆகிய இரண்டும் வேண்டவே வேண்டாம். சுமார் 650 கிலோ எடையுள்ள காருக்குக் கம்பெனி கொடுத்த அளவில் நல்ல புது டயர் நான்கும் புது ஷாக் அப்சார்பர்களும் போட்டுப் பாருங்கள். வண்டி எவ்வளவு ஒழுங்காகப் போகும் என்பது முதல் திருப்பத்திலேயே தெரியும்.

லைட்டும் ஒயரிங்கும்

"லைட்டு மங்கலா இருக்கு, 100 வாட்ஸ் பல்பு போட்டுரு." அடிக்கடி கொடுக்கப்படும் தவறான அறிவுரை இது. ஹெச்4 பல்பின் தர அளவு 60/55 வாட். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். இரண்டு பல்புக்கு 10. 100 வாட் பல்பு போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 17 ஆம்பியர் வரை போகும். இருபது வருடப் பழைய சுவிட்சும் ஒயரும் அதைத் தாங்காது. உருகும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும்.

உண்மையில் லைட் மங்குவதற்குப் பல்பு காரணமாக இருப்பது குறைவு. பேட்டரியில் இருக்கும் வோல்டேஜ் பல்பு வரை போய்ச் சேராததுதான் வழக்கமான காரணம். பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். இதை வீட்டிலேயே மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். இன்ஜின் ஓடும்போது, லைட் எரியும் நிலையில், பேட்டரி முனைகளில் ஒருமுறை, பல்பின் பின்பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ரிலே கிட் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, பல்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். அதே 60/55 பல்பு புதுசு மாதிரி எரியும். பழுத்துப்போன லைட் கண்ணாடி, மங்கிய ரிஃப்ளெக்டர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மியூசிக் சிஸ்டம், ஹாரன், அலாரம் என்று பல கைகள் ஒயரைத் தொட்ட வண்டியில் இன்னொரு சோதனை அவசியம். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் இணையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 400 காட்டினால், ஒரு நாளைக்கு சுமார் 10 ஆம்பியர் அவர் மின்சாரம் சும்மா போகிறது. இந்தக் காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றாம் நாள் காலையில் கைவிட்டுவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால், எந்த லைனில் லீக் என்று தெரிந்துவிடும்.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒயரோ, சிகரெட் பாக்கெட் தாளோ சுற்றியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ சரிசெய்யுங்கள். ஒரு கிலோ தீயணைப்பான் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். ஸ்பாய்லரைவிட அதற்கு விலை குறைவு.

வீட்டில் செய்யக்கூடியவை

10, 12, 14, 17 எம்எம் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், இரண்டு ஜாக் ஸ்டாண்ட் ஆகியவை இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடியும்.

• ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றுவது. இந்த இன்ஜினுக்கு மூன்று லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். கேன் முழுவதையும் ஊற்றிவிடாமல் டிப் ஸ்டிக்கைப் பார்த்து நிறுத்துங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

• ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றுவது. பழைய பிளக்கின் நிறமே இன்ஜினின் ஜாதகம். வெளிர் பழுப்பு என்றால் நலம். கருப்புக் கரி என்றால் பெட்ரோல் கூடுதல். ஈரமான எண்ணெய் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

• கூலன்ட் மாற்றுவது. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

• பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்வது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

டைமிங் பெல்ட், கிளட்ச், ஸ்டியரிங், பிரேக் லைன் போன்றவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

ஒரு விதியை மட்டும் ஒருநாளும் மீறாதீர்கள்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஜாக் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தபிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம்.

800-இல் எஸ்டீம் அல்லது ஜென் இன்ஜினைத் தூக்கி வைப்பது ரசிகர்கள் மத்தியில் பிரபலம். ஆனால், கூடுதல் சக்திக்கு ஏற்ற பிரேக்கோ பாடியோ இதில் இல்லை. அதே வகை இன்ஜினை மாற்றினாலும் நம்பர் மாறும் என்பதால் ஆர்டிஓ அனுமதி வேண்டும். எல்பிஜி, சிஎன்ஜி என்றால் அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்சியில் பதிவு இரண்டும் கட்டாயம். நிறத்தை மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். முன்பக்க இரும்பு கிராஷ் கார்டு, கருப்பு ஃபிலிம், ஏர் ஹாரன், சத்தம் போடும் சைலன்சர் ஆகியவை போலீஸ் கண்ணில் பட்டால் அபராதம்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

டெல்லியில் இருப்பது போன்ற வயதுத் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், 15 ஆண்டு முடிந்ததும் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். பசுமை வரி, புகைச் சான்று, ஆய்வுக்கு வண்டியைத் தயார்செய்யும் செலவு எல்லாம் தனி. வாங்கும் விலையோடு இதையும் கூட்டித்தான் 'சல்லிசான கார்' என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

எந்த அப்கிரேடும் இந்தக் காருக்கு ஏர்பேக்கோ ஏபிஎஸ்ஸோ தராது. பின் சீட் பெல்ட் இல்லாத மாடல் என்றால், சரியான ஆங்கரிங் இடங்களில் பெல்ட் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். அதுவரை குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். ஊருக்குள் ஓட்ட, வேலை கற்றுக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்வர நல்ல வண்டி. தினமும் பைபாஸில் 100 வேகத்தில் போக வேண்டியவர்களுக்கு ஏற்ற வண்டி அல்ல.

சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், கதவுக்குக் கீழே உள்ள சில், சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம் ஆகியவற்றில் தகடு அரித்துப்போயிருந்தால், அந்த வண்டிக்குச் செலவு செய்வதை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். உருக்குலைந்த பாடியை வீட்டில் யாராலும் சரிசெய்ய முடியாது.

மற்றபடி பாடி நன்றாக இருந்தால், முதல் மாதம் பெட்ரோல் ஹோஸும் பிரேக்கும். இரண்டாம் மாதம் டயரும் ஒயரிங்கும். மூன்றாம் மாதம் டைமிங் பெல்ட், கூலன்ட், சஸ்பென்ஷன். ஒவ்வொன்றையும் தேதி, கிலோமீட்டர், ரசீதோடு நோட்டில் எழுதி வையுங்கள். மியூசிக் சிஸ்டம் நாலாம் மாதம் வாங்கிக்கொள்ளலாம்.